துணியில ஒட்டுறதெல்லாம் பர்டாக் இல்ல

(எபிசோடோட எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்த சில வரிகளை மட்டும் எடுத்திருக்கோம்.)



இன்னைக்கு எபிசோட் நான் ப்ளான் பண்ணினது இல்ல. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இன்பாக்ஸ்ல ஒரு மெசேஜ் வந்துச்சு. தாம்பரம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருந்தார். பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டார், அதனால தம்பின்னே சொல்றேன். அவங்க அம்மாவுக்கு மூணு நாலு மாசமா இடுப்பைச் சுத்தி அரிப்பு, கருப்பா தடிச்சுப் போயிருக்கு. ரீல்ஸ்ல யாரோ "பர்டாக் வேர் ரத்தத்தைச் சுத்தம் பண்ணும், தோல் நோய் எல்லாம் ஓடிப்போயிடும்"னு சொல்லியிருக்காங்க. ஆன்லைன்ல பார்த்தா சின்ன டப்பா, விலை ஜாஸ்தி. அப்புறம் ஒரு நாள் ஏரிக்கரையில நடக்கும்போது பேன்ட்ல முள்ளு முள்ளா ஒரு காய் ஒட்டியிருக்கு. போட்டோ எடுத்து ஒரு ஆப்ல போட்டா, வந்த பெயர்கள்ல ஒண்ணு பர்டாக்.

மெசேஜ் இதுதான்: "அண்ணா, ஏரிக்கரை முழுக்க இருக்கு. வேரோட பிடுங்கி, காயையும் சேர்த்துக் காய வச்சுப் பொடி பண்ணி அம்மாவுக்குக் குடுக்கலாமா?"

நான் உடனே போன் நம்பர் கேட்டேன். டைப் பண்ணிட்டு இருக்க எனக்குப் பொறுமை இல்ல. ஏன்னா அந்த போட்டோவுல இருந்தது பர்டாக் இல்ல. அது மருளூமத்தை.

மருளூமத்தைன்னா என்ன?

ஏரி வத்தின இடம், ரோட்டோரம், காலி மனை, மாடு மேயுற புறம்போக்கு, எல்லா இடத்துலயும் இருக்கும். இடுப்பு உயரம் வளரும். இலை ரெண்டு பக்கமும் சொரசொரன்னு இருக்கும். தண்டுல ஊதா கலந்த பழுப்புப் புள்ளிகள் தெரியும். காய் முட்டை வடிவத்துல, சுமார் 2 சென்டிமீட்டர் நீளம், மேல முழுக்க கொக்கி முள்ளு. தாவரவியல் பேர் ஸாந்தியம் ஸ்ட்ரூமேரியம். பேர்ல ஊமத்தை இருந்தாலும் நிஜ ஊமத்தைக்கும் இதுக்கும் உறவு கிடையாது.

இதோட விதையிலயும், முளைச்சு வர்ற முதல் ரெண்டு விதையிலையிலயும் கார்பாக்ஸிஅட்ராக்டைலோசைட்னு ஒரு விஷம் இருக்கு. பேரை மறந்துடுங்க, அது என்ன செய்யும்னு மட்டும் ஞாபகம் வைங்க. நம்ம செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா இருக்கே, அதோட வாசலை அது அடைச்சிடும். கல்லீரல் சேதமாகும், ரத்தத்துல சர்க்கரை அபாயகரமா இறங்கும். காய வச்சாலும் விஷம் போறதில்ல.

பயமுறுத்துறதுக்காக இதைச் சொல்லல. 2007-ல வங்கதேசத்துல சில்ஹெட் பகுதியில வெள்ளம். விலைவாசி ஏறி, சாப்பாட்டுக்கே கஷ்டம். ஜனங்க கரையோரத்துல முளைச்சிருந்த இந்தச் செடியோட நாத்துகளைப் பறிச்சுக் கீரையா சமைச்சுச் சாப்பிட்டாங்க. அந்த ஊர்ல அதுக்கு "காக்ரா ஷாக்"னு பேர், கொஞ்சமா சாப்பிடுற பழக்கம் முன்னாடியே உண்டு. அந்த வருஷம் வேற கீரை இல்லாததால நிறைய சாப்பிட்டாங்க. 76 பேருக்கு நோய், அதுல 19 பேர் இறந்துட்டாங்க. வாந்தி, மயக்கம், அப்புறம் நினைவு தப்புறது. பெரியவங்க, குழந்தைங்க எல்லாருமே அதுல இருந்தாங்க.

இதை அந்தத் தம்பிகிட்ட போன்ல சொன்னப்போ கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அண்ணா, ஒரு பை நிறைய பிடுங்கி மொட்டை மாடியில காயப் போட்டிருக்கேன்"னார்.

சரி, அப்போ உண்மையான பர்டாக் எது, எப்படி இருக்கும், எதுக்கு ஆகும், எதுக்கு ஆகாது? இதான் இன்னைக்கு விஷயம்.

உண்மையான செடி

பர்டாக்கோட தாவரவியல் பேர் ஆர்க்டியம் லாப்பா. ஆர்க்டியம்ங்கிற பேர் கிரேக்க மொழியில கரடிக்கான சொல்லுல இருந்து வந்தது. லாப்பான்னா லத்தீன்ல ஒட்டுற முள்ளுக்காய். சூரியகாந்தி, செவ்வந்தி எல்லாம் இருக்கிற அதே குடும்பம். ஐரோப்பாவும் ஆசியாவோட குளிர்ப் பிரதேசங்களும் இதோட சொந்த ஊர். இந்தியாவுல காஷ்மீர், ஹிமாச்சல் மலைகள்ல தானா வளருது. நம்ம சமவெளியில இது வளர்றதில்ல. அதனால நம்ம பேச்சுல இதுக்கு ஒரு தமிழ்ப் பேரும் இல்ல. யாராவது "பர்டாக்னா தமிழ்ல இதுதான்"னு ஒரு ரோட்டோரச் செடியைக் காட்டினா, முதல்ல சந்தேகப்படுங்க.

இதோட ஆயுசு ரெண்டு வருஷம். முதல் வருஷம் தண்டே இருக்காது. தரையை ஒட்டி இலை மட்டும் வட்டமா விரியும். இதய வடிவத்துல, நல்லா வளர்ந்தா அரை மீட்டர் வரைக்கும் நீளமா இருக்கும். தூரத்துல இருந்து பார்த்தா நம்ம சேப்பங்கிழங்கு இலை ஞாபகம் வரும். ஆனா திருப்பிப் பாருங்க, அடிப்பக்கம் சாம்பல் வெள்ளையில பஞ்சு மாதிரி மெல்லிய ரோமம் இருக்கும். மேல பச்சை, கீழ வெள்ளை. இதுதான் முதல் அடையாளம்.

ரெண்டாவது வருஷம் நடுவுல இருந்து தண்டு கிளம்பும். ஆள் உயரம், சில இடத்துல அதைவிட ஜாஸ்தி. கோடையில ஊதா நிறப் பூ வரும். பூவுக்கு அடியில பச்சையா ஒரு பந்து, அந்தப் பந்து முழுக்க நுனி வளைஞ்ச கொக்கி. பூ காய்ஞ்சதும் அந்தப் பந்து அப்படியே முள்ளுக்காயா மாறி, ஆடு, நாய், நம்ம சட்டைன்னு எதுல வேணா ஒட்டிக்கும்.

இப்போ ஏரிக்கரைச் செடியோட ஒப்பிடுங்க. மருளூமத்தைக் காய் முட்டை வடிவம், நுனியில ரெண்டு கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், உள்ள ரெண்டே விதை. பர்டாக் காய் உருண்டை, தலையில காய்ஞ்ச ஊதாப் பூ மிச்சம் இருக்கும், பிரிச்சா உள்ள நிறைய சின்ன விதை. மருளூமத்தையில ஊதாப் பூவே கிடையாது. இது ஒண்ணு தெரிஞ்சிருந்தாலே அந்தத் தம்பி பை நிறைய பிடுங்கியிருக்க மாட்டார்.

பர்டாக்குலயே ஒரு குட்டித் தம்பி உண்டு, ஆர்க்டியம் மைனஸ். ரெண்டையும் பிரிக்க ஒரு சுலபமான வழி, அடி இலையோட காம்பை வெட்டிப் பாக்குறது. லாப்பாவுல காம்பு உள்ள சதை நிறைஞ்சு கெட்டியா இருக்கும். மைனஸ்ல குழாய் மாதிரி உள்ள ஓட்டை. ஹிமாச்சல் பக்கம் ட்ரெக்கிங் போறவங்க அடுத்த தடவை கவனிச்சுப் பாருங்க. பிரிக்கும்போது முகத்துக்குக் கிட்ட கொண்டு போகாதீங்க. காய்ஞ்ச காய்ல இருந்து உதிர்ற நுண்ணிய முள் கண்ணுல பட்டா நாள் கணக்கா உறுத்தும்.

ஒரு நாயும் ஒரு பொறியாளரும்

ஷூல, பேக்ல, பிபி பார்க்கிற பட்டையில ‘சர்ர்’னு பிரிக்கிற ஒட்டு இருக்கே, வெல்க்ரோ, அதோட தொடக்கம் இந்தக் காய்தான். 1941-ல ஜார்ஜ் த மெஸ்ட்ரால்னு ஒரு ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் நாயோட மலைக்குப் போயிட்டு வந்தார். நாய் ரோமம் முழுக்க, அவரோட துணி முழுக்க இந்தக் காய். சலிச்சுக்கிட்டே பிடுங்காம, மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்த்தார். நுனியில கொக்கி, துணி நூல்ல வளையம், கொக்கி வளையத்தைப் பிடிக்குது. அதை நைலான்ல செஞ்சு 1955-ல காப்புரிமை வாங்கினார். வெல்வெட்டுக்கும் கொக்கிக்கும் இருக்கிற ரெண்டு பிரெஞ்சுச் சொல்லை வெட்டி ஒட்டினதுதான் வெல்க்ரோங்கிற பேர்.

என்னோட கோபோ கதை

எனக்கு இந்தச் செடி எப்படித் தெரியும்னா, மூணு வருஷம் ஜப்பான்ல வேலை பார்த்தேன், சைதாமா பக்கம். அங்க பர்டாக் மருந்துக் கடைப் பொருள் இல்ல. காய்கறிக் கடையில நம்ம முருங்கைக்காய் மாதிரி நீளமா, மண்ணோட, கட்டுக் கட்டா நிக்கும். பேர் கோபோ. சீனாவுல இருந்து மருந்தா வந்த செடியை, தினசரி காய்கறியா மாத்தினவங்க ஜப்பான்காரங்க. கொரியாவுலயும் தைவான்லயும் சாப்பிடுறாங்க.

சீவினா மண் வாசனை வரும். வெட்டின உடனே கருக்க ஆரம்பிக்கும், நம்ம வாழைக்காய், கத்திரிக்காய் மாதிரி. அதனால தண்ணியில போட்டு வைப்பாங்க. தீக்குச்சி மாதிரி மெல்லிசா நறுக்கி, கேரட்டோட சேர்த்து, நல்லெண்ணெய்ல வதக்கி, சோயா சாஸும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டா கின்பிரான்னு ஒரு பொரியல். நான் அதுல தாளிச்ச மிளகாய் வத்தல் ரெண்டு சேர்ப்பேன். அவங்களும் மிளகாய் போடுவாங்க, நம்ம கை கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஊராட்சி வாடகைக்கு விடுற தோட்டத்துல ஒரு சின்னத் துண்டு நிலம் இருந்துச்சு. ரெண்டாவது வருஷம் அதுல ஒரு மூலையை எனக்குக் குடுத்தாங்க. நான் ஆர்வக் கோளாறுல நல்லா சாணி எரு போட்டு, ஒரு அடி தோண்டி விதைச்சேன். அஞ்சு மாசம் கழிச்சுப் பிடுங்கினா, ஒவ்வொண்ணும் ரெண்டு கால், மூணு கால். ஒண்ணு கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கிற ஆள் மாதிரி இருந்துச்சு. பாட்டி சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

அங்க கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

எப்படி வளர்ப்பாங்க?

கோபோ வேர் நேரா கீழ போற ஆணிவேர். நீளமான வகைகள் முக்கால் மீட்டர்ல இருந்து ஒரு மீட்டர் வரைக்கும் போகும். வழியில ஒரு கல், மக்காத எரு, கெட்டியான மண்கட்டி எது பட்டாலும் அங்கேயே பிரிஞ்சிடும். அதனால விவசாயிகள் ஒரு மீட்டர் ஆழம் வரைக்கும் மண்ணைப் பொலபொலன்னு ஆக்கி, கல் பொறுக்கிட்டுத்தான் விதைப்பாங்க. எருவை விதைக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே போட்டு நல்லா மக்க விட்டுடுவாங்க. புளிப்பு மண் ஆகாது, சுண்ணாம்பு சேர்த்து நடுநிலைக்குக் கொண்டு வரணும். ஒரே இடத்துல அடுத்தடுத்து போட்டா நோய் வரும். நாலஞ்சு வருஷம் இடத்தை மாத்துவாங்க.

விதையை ஒரு ராத்திரி ஊற வைக்கணும். இது வெளிச்சம் பட்டா முளைக்கிற விதை. அதனால மேல மண்ணை மெல்லிசா தூவினா போதும், ஆழமாப் புதைச்சா முளைக்காது. 20-ல இருந்து 25 டிகிரி செல்சியஸ் அதுக்குப் பிடிச்ச சூடு. முளைச்சதும் பலவீனமான நாத்துகளைப் பிடுங்கிட்டு, செடிக்குச் செடி 10 சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி விடுவாங்க. தண்ணி தேங்கினா வேர் அழுகிடும்.

அறுவடை முதல் வருஷமே, சுமாரா நாலஞ்சு மாசத்துல. குட்டையான வகைகள் அதுக்கு முன்னாடியே தயார். ரெண்டாம் வருஷம் பூ வர ஆரம்பிச்சா வேர் நார் நாரா ஆகி நடுவுல பஞ்சடிச்சிடும், அப்புறம் சாப்பிட லாயக்கில்ல. மூலிகைக்காகத் தோண்டுறவங்களும் முதல் வருஷ இலையுதிர் காலத்துலயோ, அடுத்த வசந்தத்துல தண்டு வர்றதுக்கு முன்னாடியோதான் எடுப்பாங்க.

ஒரு மீட்டர் வேரை உடைக்காமத் தோண்டுறது சாதாரண வேலை இல்ல. பக்கத்துல ஒரு பள்ளம் வெட்டி, வேரை அந்தப் பள்ளத்துப் பக்கம் சாய்ச்சு எடுக்கணும். வீட்டுத் தோட்டக்காரங்க இதுக்குன்னு ரெண்டு குறுக்கு வழி வச்சிருக்காங்க. ஒண்ணு, நெளி நெளியா இருக்கிற ப்ளாஸ்டிக் கூரைத் தகட்டைச் சாய்வாப் புதைச்சு, அதுமேல மண் போட்டு விதைக்கிறது. வேர் தகடு மேலேயே சரிவாப் போகும், மேல் மண்ணைத் தள்ளினா போதும். இன்னொண்ணு, உயரமான மண் பையில குட்டை வகையை விதைச்சு, அறுவடை அன்னிக்குப் பையைக் கத்தியால கிழிச்சிடுறது. எனக்கு மூணாவது வருஷம் கை குடுத்தது இந்தப் பை வழிதான். நேரான வேரு ஏழு கிடைச்சது. பாட்டிகிட்ட கொண்டு போய்க் காட்டினேன்.

நம்ம ஊர்ல வருமான்னு கேப்பீங்க. தைவானோட தெற்குல பிங்துங்னு ஒரு இடம், நல்ல வெயில் பூமி. அங்க குளிர்காலத்தைப் பயன்படுத்தி கோபோ போடுறாங்க. மழை முடிஞ்சதும் விதைச்சு, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி எடுத்துடுறாங்க. அந்தக் கணக்குல பார்த்தா ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு குளிர்ல முயற்சி பண்ண இடம் இருக்கு. சென்னை மாடியில ஆசை இருந்தா, கார்த்திகை மழை ஓய்ஞ்ச பிறகு, 60 சென்டிமீட்டராவது உயரம் இருக்கிற பையில, மணலும் நல்லா மக்கின மண்புழு உரமும் கலந்து, குட்டை வகையைப் போட்டுப் பாருங்க. சித்திரை வெயில்ல அது நிக்கும்னு எதிர்பார்க்காதீங்க.

மலையில இருக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். பூக்க விடாதீங்க. கொக்கிக் காய் ஒரு தடவை பரவினா, ஆடு மாடு மேலயும் காட்டு மிருகங்க மேலயும் ஏறி ஊரெல்லாம் போகும். அமெரிக்காவுல சில மாநிலங்கள் பர்டாக்கைக் களைப் பட்டியல்லயே வச்சிருக்கு. உண்ணிச்செடி நம்ம மலைகளை என்ன பண்ணிச்சுன்னு பார்த்தவங்க நாம.

மருந்தா? எவ்வளவு தூரம்?

இப்போ அந்த ரீல்ஸ் விஷயத்துக்கு வருவோம். "ரத்தத்தைச் சுத்தம் பண்ணும்"ங்கிற பேச்சு ஐரோப்பியக் கிராம வைத்தியத்துல ரொம்பப் பழசு. சொறி, பரு, சிரங்குக்கு வேர்க் கஷாயம் குடிப்பாங்க. சீன மருத்துவத்துல வேரைவிட விதைக்குத்தான் மரியாதை. தொண்டை வலி, காய்ச்சல், தடிப்புக்குக் குடுக்கிற கலவைகள்ல அது வரும். அதாவது "பர்டாக்"னு ஒரே பேர்ல வேற வேற மருத்துவ முறைகள் வேற வேற பாகத்தை வேற வேற விஷயத்துக்குப் பயன்படுத்துது.

நவீன மருத்துவம் என்ன சொல்லுது? ஐரோப்பிய மருந்து முகமை பர்டாக் வேரைப் "பாரம்பரியப் பயன்பாடு"ங்கிற வகையில வச்சிருக்கு. மூணு விஷயத்துக்கு: சின்னச் சின்ன சிறுநீர்த் தொந்தரவுல சிறுநீரை அதிகப்படுத்த, தற்காலிகமாப் பசி எடுக்காத பிரச்சினைக்கு, எண்ணெய் வடிஞ்சு செதில் உதிர்ற தோல் பிரச்சினைக்கு. பாரம்பரியப் பயன்பாடுன்னா ரொம்ப வருஷமா ஜனங்க பயன்படுத்தியிருக்காங்க, அதனால அனுமதிக்கலாம்னு அர்த்தம். சோதனையில நிரூபிச்சாச்சுன்னு அர்த்தம் இல்ல. இந்த வித்தியாசத்தை விளம்பரங்கள் ஒருநாளும் சொல்லாது.

சின்ன ஆய்வுகள் இருக்கு. ஈரான்ல மூட்டுத் தேய்மானம் இருக்கிற 36 பேரை வச்சு, ஆறு வாரம் பர்டாக் டீ குடுத்து, ரத்தத்துல அழற்சி அளவுகள் குறையுதான்னு பார்த்தாங்க. சில அளவுகள் குறைஞ்சது. ஆனா 36 பேர்ங்கிறது ஒரு பஸ்ல ஏறுற கூட்டம்கூட இல்ல. அதை வச்சு எல்லாருக்கும் மருந்துச் சீட்டு எழுத முடியாது. புற்றுநோய் குணமாகும்னு சொல்ற கலவை டீக்கள்லயும் பர்டாக் வருது. கனடாவுல தொடங்கின எஸ்ஸியாக் அதுல பிரபலம். அது புற்றுநோயைக் குணப்படுத்துதுன்னு எந்த நல்ல சோதனையும் காட்டல. இதை நம்பி சிகிச்சையைத் தள்ளிப் போட்டா திரும்பக் கிடைக்காத நேரம் போயிடும்.

உறுதியாச் சொல்லக்கூடிய நல்ல விஷயம் ஒண்ணு உண்டு, நார்ச்சத்து. ஜப்பானோட உணவு அட்டவணைப்படி 100 கிராம் பச்சைக் கோபோவுல 5.7 கிராம் நார்ச்சத்து. அதுல இன்யூலின்னு ஒண்ணு இருக்கு. நம்மால செரிக்க முடியாது, பெருங்குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவுக்கு அது சாப்பாடு. முதல் தடவை நிறைய சாப்பிட்டா வயிறு உப்பும், அதையும் சொல்லிடுறேன். இதே இன்யூலின் நம்ம வீட்டு வெங்காயத்துலயும் பூண்டுலயும் இருக்கு. அதுக்காக யாரும் ஆன்லைன்ல டப்பா வாங்க வேண்டாம்.

யாரெல்லாம் தவிர்க்கணும்? இதய நோய், சிறுநீரக நோயால தண்ணியை அளந்து குடிக்கச் சொல்லியிருக்கிறவங்க. நீர் பிரியுற மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டரைக் கேக்காம எடுக்கக் கூடாது. கர்ப்பமா இருக்கிறவங்க, பால் குடுக்கிறவங்க தவிர்க்கிறது நல்லது. அப்புறம் அலர்ஜி. ஜப்பான்லயே கோபோ சாப்பிட்டு உடம்பெல்லாம் தடிச்சு மூச்சுத் திணறுற அளவுக்கு அலர்ஜி வந்த நிகழ்வு பதிவாகியிருக்கு. பார்த்தீனியம் செடி பட்டா யாருக்காவது உடம்பு தடிக்கும்னா, அதுவும் இதே குடும்பம்தான். கவனமா இருங்க.

வேருக்கு முகம் கிடையாது

கடைசியா, எனக்கு ரொம்ப முக்கியமாத் தோணுறது. இலையும் பூவும் இருக்கும்போதே நாம தப்புப் பண்றோம். வேரா, பொடியா ஆயிடுச்சுன்னா?

1978-ல அமெரிக்க மருத்துவ இதழ் ஒண்ணுல ஒரு பதிவு வந்துச்சு. கடையில வாங்கின பர்டாக் வேர் டீயைக் குடிச்ச ஒரு பெண்ணுக்கு வாய் வறண்டு, பார்வை மங்கி, இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சது. சோதிச்சா டீயில அட்ரோபின். பர்டாக்குல அட்ரோபின் கிடையவே கிடையாது. அது பெல்லடோனா மாதிரியான செடிகள்ல இருக்கிறது. தோண்டுற இடத்துலயோ, காய வைக்கிற இடத்துலயோ வேற வேர் கலந்திருக்கு.

ஜப்பான்ல இந்தக் கதை வீட்டுக்குள்ளேயே நடக்குது. தோட்டத்துல அழகுக்கு ஊமத்தை வச்சிருப்பாங்க. ஆமா, நம்ம ஊமத்தையோட சொந்தக்காரச் செடிதான். குளிர்காலத்துல இலை உதிர்ந்துடும். பக்கத்துலயே கோபோ போட்டிருப்பாங்க. தோண்டும்போது வேர் மாறிடும். கின்பிரா செஞ்சு சாப்பிட்ட குடும்பம் ஆஸ்பத்திரியில. அந்த நாட்டு சுகாதார அமைச்சகமே எச்சரிக்குது: ஊமத்தை வேரை கோபோன்னும், மொட்டை வெண்டைக்காய்னும், விதையை எள்ளுன்னும் நினைச்சுச் சாப்பிடாதீங்கன்னு. தலைமுறை தலைமுறையா கோபோ சாப்பிடுற ஊர்லயே இப்படின்னா, செடியைப் பார்த்தே இராத நம்ம கதி என்ன?

அதனால வாங்குறதுன்னா டப்பாவுல தாவரவியல் பேர், எந்தப் பாகம், பேட்ச் எண், உரிம எண் எல்லாம் இருக்கான்னு பாருங்க. அது இருந்தாலும் மருந்து வேலை செய்யும்னு உத்தரவாதம் இல்ல. உள்ள என்ன இருக்குன்னு பொறுப்பு ஏத்துக்க ஒருத்தர் இருக்கார்ங்கிறதுக்கு மட்டும்தான். போட்டோ ஆப் தர்றது ஒரு யூகம். பூச்செடி பேர் தெரிஞ்சுக்க அது போதும், வாயில போடுறதுக்குப் போதாது. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னா, பூவோட, காயோட, வேரோட முழுச் செடியைப் பக்கத்துல இருக்கிற காலேஜ் தாவரவியல் துறைக்குக் கொண்டு போங்க. தெரிஞ்ச ஒருத்தர் கையில பிடிச்சுப் பார்த்துச் சொன்னா, அதுதான் அடையாளம்.

அந்தத் தம்பி அன்னிக்கே மாடியில காயப் போட்டதை அள்ளிக் கவர்ல கட்டிட்டார். பக்கத்து வீட்டு ஆடு மேயாத இடமாப் பார்த்துக் குழி வெட்டிப் புதைச்சதா மெசேஜ் பண்ணினார். ஆடு மாடுக்கும் அது விஷம்தான்னு நான் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் அம்மாவைத் தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். படர்தாமரை. புடவை கட்டுற இடத்துல வேர்வை தங்கி வந்தது. மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் பூசின ஏதோ ஒரு க்ரீம் அதை இன்னும் பரப்பிவிட்டிருக்கு. அது ரத்தத்துல அழுக்கு இல்ல, தோல்ல வளர்ற பூஞ்சை. இப்போ மருந்து ஓடிட்டிருக்கு, அரிப்பு குறைஞ்சிருக்குன்னு நேத்து சொன்னார்.

"அம்மா கேட்டாங்க அண்ணா, அந்த ஜப்பான் பொரியல் எப்படிச் செய்றதுன்னு." கோபோ கிடைக்காதும்மா, வாழைத்தண்டுல அதே மாதிரி மெல்லிசா நறுக்கிப் பண்ணிப் பாருங்கன்னு சொல்லச் சொன்னேன்.

உங்க ஏரிக்கரையில, உங்க ட்ரெக்கிங்ல சட்டையில என்ன ஒட்டிச்சுன்னு போட்டோ எடுத்து அனுப்புங்க. பேர் கண்டுபிடிக்கிறதை விளையாட்டா சேர்ந்து பண்ணுவோம். வாயில மட்டும் போட்டுடாதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.